ஆறு மணித்தியாலம்

பார்வைக்கு எரிக்கும் சக்தி இருந்திருந்தால், கைறுன்னிஸா இரண்டு நாளாக முறைத்த முறைப்பில் அந்தக் கம்ப்யூட்டர் சாம்பலாகியிருக்கும். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும். திரையின் கீழே ஒரு நீலக் கோடு, நத்தை பார்த்தாலும் சிரிக்கும் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் 4 என்று போட்டிருந்தது. நாலு நாள் ஆகும் என்று அதற்கு அர்த்தம் என மகள் ஜெஸ்லா சொல்லியிருந்தாள். அவர்களிடம் இருந்ததோ வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணி வரைதான்.

கம்ப்யூட்டருக்குள் இறங்க வேண்டியிருந்தது றினோஸின் ஃபோனில் இருந்ததெல்லாம். றினோஸ் அவளுடைய மூத்த மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்புள்ளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மாத்தளைக்குத் திரும்பி வரும்போது, நாலந்தாவைத் தாண்டிய வளைவில் லொறியோடு மோதி மௌத்தானான். ஃபோனும் அவனோடு நொறுங்கிப் போனது. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை, ஃபோனில் உள்ளதெல்லாம் தானாகவே ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் களஞ்சியத்தில் போய்ச் சேருகிற மாதிரி முன்கூட்டியே செய்துவைத்திருந்தான். இரண்டு வருஷமாக யாரும் திறக்காத கணக்கை நாங்கள் அழிக்கப்போகிறோம் என்று கம்பனி கடிதம் அனுப்பியிருந்தது. யாருக்கு? றினோஸுக்குத்தான். அழிக்காமல் விட வேண்டுமென்றால் அவனே தன் ஃபோன் நம்பரிலிருந்து உறுதிசெய்ய வேண்டுமாம். செத்தவனுக்குக் கெடு வைக்கிற கம்பனியை என்னவென்று சொல்வது! தான் படிப்பிக்கிற பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படம் அச்சடிக்க, றினோஸ் நானாவின் கம்ப்யூட்டரைத் திங்கட்கிழமை தட்டியபோதுதான் ஜெஸ்லா அதைக் கண்டாள். இருபத்தாறு ஜீபீ. எல்லாம் ஒரே பொதி. பிரித்து எடுக்க வழியில்லை. பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

கைறுன்னிஸாவுக்குப் படங்கள் வேண்டாம். அவை மனதில் இருக்கின்றன. அவளுக்கு வேண்டியது அவனுடைய குரல்.

தினமும் நாலைந்து தடவை குரலை அனுப்புகிறவன் அவன். அவற்றையெல்லாம் அவள் தன் ஃபோனில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனை இடுப்பில் செருகியபடியே திரிவாள். ஒருநாள் உடுப்புக் கழுவக் குனிந்தபோது அது சவர்க்காரத் தண்ணீருக்குள் விழுந்தது. புது ஃபோன் வந்தது, குரல்கள் வரவில்லை. அவன் சொன்னவை ஞாபகம் இருந்தன. "உம்மா, கேமராவ காதுல வச்சிக்கிட்டுப் பேசுறீங்க. எனக்கு உங்கட காதுதான் தெரியுது" என்று வீடியோவில் பேசி முடித்த கையோடு குரல் அனுப்பிச் சிரிப்பானே, அந்தச் சொற்கள் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தன. குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வந்தது. பெற்ற பிள்ளையின் குரலை மறக்கிற தாயும் உலகத்தில் இருப்பாளா என்று அவள் தன்னையே வைதுகொண்டாள். வைதால் மறதி போய்விடுமா என்ன?

கணவன் ஜைனுதீனிடம் சொன்னாள். அவர் விடியுமுன் தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் போய் இருட்டியபின் வருகிற மனுஷன். "மௌத்தானவன நிம்மதியா படுக்க விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய முதுகு கொஞ்ச நேரம் குலுங்கியதை அவள் பார்த்தாள். பிறகு அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் திவாகரன் வந்தான். றினோஸோடு ஒன்றாகப் படித்தவன், டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறான். வந்ததும் முதல் வேலையாக ரவுட்டர் எங்கே என்று கேட்டான். ஜெஸ்லா கண்ணாடி அலுமாரியைக் காட்டினாள். விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற தேநீர்க் கோப்பைகளுக்கும் மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவே, வெள்ளை நூலில் பின்னிய உறை ஒன்றைப் போட்டுக்கொண்டு புதுப்பெண் மாதிரி ரவுட்டர் உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு யாருங்க சட்டை தைச்சிப் போட்டது?" என்றான் திவாகரன்.

"தூசி படும்தானே, மகன்" என்றாள் கைறுன்னிஸா. றினோஸ் கையால் பூட்டிவைத்த சாமானைத் தூசியில் விட அவளுக்கு மனம் வரவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே உறையைக் கழற்றினான். ரவுட்டரை வெளியே எடுத்து, கம்ப்யூட்டருக்கு நேராக வயர் இழுத்தான். வேண்டாததையெல்லாம் மூடினான், அணைத்துப் போட்டான், மறுபடி தொடங்கினான். 4 என்பது 3 ஆயிற்று. அவ்வளவுதான்.

"எங்க கடைக்கு வேணும்னா தூக்கிட்டுப் போகலாம், அங்க லைன் நல்ல வேகம்" என்றவன், தானே தலையை ஆட்டிக்கொண்டான். "வேணாம், வேணாம். எடம் மாறுனா, நீ யாருன்னு கேட்டு றினோஸ் நம்பருக்கு ஒரு கோட் நம்பர் அனுப்பும். அந்த நம்பர் இப்ப இல்லையே. அப்புறம் எப்பவுமே தெறக்க முடியாம போயிரும். இந்த வீட்டுல, இந்த மெசினுல வச்சித்தான் எடுக்கணும்."

புதன்கிழமையும் போயிற்று. காலையில் கோடு கொஞ்சம் ஓடும். பள்ளிக்கூடம் விட்டதும் படுத்துவிடும். இரண்டு தடவை பாதியில் அறுந்தது. ஜெஸ்லா லைன்காரர்களுக்கு அழைத்தாள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஏன் படுக்கிறது என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கைறுன்னிஸா குர்ஆனை எடுத்து யாசீன் அத்தியாயம் ஓதினாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திவாகரன் கடையைத் திறக்காமல் நேரே இங்கே வந்தான். எதையோ தட்டினான், ஒரு நீளமான பட்டியல் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் விசில் அடித்தான்.

"ஜெஸ்லா மிஸ், ஒங்க வீட்டுல எத்தன ஃபோன் இருக்கு?"

"உம்மாட ஒன்டு, என்ட ஒன்டு. வாப்பாட பட்டன் ஃபோன்."

"இதுல பத்தொம்பது இருக்குதுங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, இது அதேதான். அந்தக் கிணற்றை வெட்டியது கைறுன்னிஸா.

றினோஸின் நாற்பதாம் நாள் கழிந்த சமயம் அது. பிள்ளையின் பேரில் நிலையான தர்மம் ஒன்று செய்ய வேண்டும், அது நடக்கிற காலமெல்லாம் அவன் அடங்கியிருக்கிற கப்றுக்கு நன்மை போய்ச் சேரும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மற்றவர்கள் கிணறு வெட்டிக் கொடுக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் ஓடுகிற இந்தக் கொங்காவலைக் குறுக்குத் தெருவில் யாருக்குக் கிணறு வேண்டும்? அப்போது பார்த்தாள்: பக்கத்து வீட்டு பஹ்மிதாவின் மகள், சாக்கடைக் கான் ஓரத்தில் குந்தியிருந்து, ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள். பாடமெல்லாம் ஃபோனில்தான் வருகிறதாம். இதுதான் இந்தத் தெருவின் தண்ணீர் என்று கைறுன்னிஸாவுக்குப் பட்டது. ரவுட்டரின் முதுகில் இருந்த எழுத்துகளைப் பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் படம் வரைவது மாதிரிப் பார்த்து வரைந்தாள். பஹ்மிதாவின் கையில் கொடுத்து, தேவைப்பட்டவர்களுக்கெல்லாம் கொடு, ஆனால் யாரிடமும் பேசாதே, என் மகளுக்கும் தெரியக்கூடாது என்றாள். யார் பேரால் என்று பஹ்மிதாவிடமும் சொல்லவில்லை. வலது கை கொடுப்பதை இடது கை அறியாத தர்மம்தான் தர்மம்.

கொடுத்தால் குறையும் என்பது அவளுக்குத் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தால் வெளிச்சம் குறையுமா? அப்படித்தான் நினைத்தாள். இப்போது பத்தொன்பது என்ற எண்ணைக் கேட்டதும், தான் வெட்டிய கிணற்றில் தன் பிள்ளையே விழுந்து கிடக்கிறான் என்று விளங்கிவிட்டது.

"யாரோ பாஸ்வேர்ட களவெடுத்து இரிக்கி!" என்று ஜெஸ்லா குதித்தாள். "வெக்கம் கெட்ட சனம். அண்ணா, இப்பவே மாத்துங்க."

கைறுன்னிஸா வாயைத் திறந்தாள். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னால் இரண்டு வருஷமாகக் காத்துவந்த இரகசியம் போய்விடும். மாற்றாதே என்று சொன்னால் குரல் போய்விடும். திறந்த வாயை மூடிக்கொண்டாள். நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரேயொரு நாள்தானே யா அல்லாஹ், ஆறு மணித்தியாலம்தானே, என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

திவாகரன் மாற்றினான். புது பாஸ்வேர்டை ஒரு காகிதத் துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினான். நீலக் கோடு எழும்பி ஓடத் தொடங்கியது.

"ஆறு மணித்தியாலம் காட்டுது. மூன்றரைக்கு முடிஞ்சிரும், அஞ்சி மணிக்கு முன்னுக்கே" என்று கைதட்டினான். "ஒண்ணையும் தொடாதீங்கம்மா. நான் உக்குவளையில ஒரு வேலைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

பன்னிரண்டரைக்குக் கோடு பாதியைத் தாண்டியது. கைறுன்னிஸா நாற்காலியை விட்டு அசையவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுவந்து ஜெஸ்லா ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். ஒரு மணி. ஒன்றரை. பாலர் பாடசாலையில் பெற்றோர் கூட்டம், போகாமல் முடியாது, நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று ஜெஸ்லா பர்தாவை மாட்டிக்கொண்டு போனாள். தாயும் கோடும் மட்டும் மிஞ்சினார்கள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் சந்தோஷமாக இருந்த நேரம் உண்டென்றால் அந்த முக்கால் மணித்தியாலம்தான். முதலில் எதைக் கேட்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள். அந்தக் காதுப் பேச்சைத்தான்.

இரண்டேகாலுக்கு வாசல் படலையில் சத்தம் கேட்டது. "ராத்தா, ராத்தா!" அவளை அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிற தெருக்கோடி அபீபா. கையில் ஃபோன், முகத்தில் கலவரம். அபீபாவின் ஒரே மகன் நளீம் குவைத்தில் சாரதி. அவனுக்குப் பகல் சாப்பாட்டு நேரம் இங்கே இரண்டரை மணி. அந்த அரை மணித்தியாலம்தான் அவன் உம்மாவோடு முகம் பார்த்துப் பேசுகிற நேரம்.

"காலையிலேந்து ஃபோன் வேல செய்யல்ல ராத்தா. உங்கட வைஃபை லைட் வரல்ல, உங்கள்ட்டயே கேக்கச் சொன்னா பஹ்மிதா. மகன் இப்ப எடுப்பான். நேத்தும் அவனுக்குக் காய்ச்சல், பேசவே ஏலாம கிடந்தான். இண்டைக்கு அவன்ட சத்தத்தக் கேக்காட்டி எனக்கு உசிர் போயிடும்."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் கைறுன்னிஸா இல்லையென்று சொல்லியிருப்பாள். மகனின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாய் வந்து நிற்கிறாள். அந்தப் பசி என்னவென்று அந்தத் தெருவிலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நீலக் கோடு ஐந்தில் நாலு பங்கைத் தாண்டியிருந்தது. ஒரு ஃபோனால் என்ன குறைந்துவிடும்? திரையில் ஒட்டியிருந்த துண்டை உரித்து அபீபாவிடம் கொடுத்தாள்.

கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: இது உனக்கு மட்டும், மற்றவர்கள் மூன்றரை வரைக்கும் பொறுக்கட்டும் என்று. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் பிள்ளையின் பேரில் செய்ததைச் சொல்லிக் காட்டியதாகிவிடும். கொடுத்துவிட்டுச் சொல்லிக் காட்டினால் தர்மம் பாழ் என்று மார்க்கம் சொல்கிறது. கைறுன்னிஸா நாற்காலிக்குத் திரும்பினாள்.

அபீபாவுக்கும் இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. துண்டை எடுத்துக்கொண்டு பஹ்மிதாவிடம் ஓடினாள். பஹ்மிதா போட்டுக் கொடுத்தாள். தன் ஃபோனிலும் போட்டாள். தேவைப்பட்டவர்களுக்கெல்லாம் கொடு என்று இரண்டு வருஷத்துக்கு முன் சொன்ன சொல்லை அவள் மறக்கவில்லை. அன்றைக்குத் தெருவில் தேவைப்படாதவர்கள் யார் இருந்தார்கள்? பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து, செத்துக் கிடந்த ஃபோன்களைத் தட்டிக்கொண்டிருந்தன. நல்ல மனுஷி பஹ்மிதா, ஒரு வீட்டையும் விடவில்லை.

திரையில் ஒரு மணித்தியாலம் என்று இருந்தது. அது நாற்பது நிமிஷம் ஆக வேண்டும். ஆகவில்லை. இரண்டு மணித்தியாலம் என்றது. கைறுன்னிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஐந்து என்றது. பின்னோக்கிப் போகிற கடிகாரத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. உடனே திவாகரனுக்கு அழைத்தாள்.

"யாராச்சும் உள்ள வந்துட்டாங்களாம்மா? புது பாஸ்வேர்ட யாருக்காவது குடுத்தீங்களா?"

"ஒரே ஒரு ஆளுக்கு, மகன்."

"ரவுட்டர அணைச்சிறாதீங்க, அணைச்சா அறுந்துரும். நான் வர்றேன்" என்றான்.

உக்குவளையிலிருந்து அவன் வந்து சேரவும் கூட்டம் முடிந்து ஜெஸ்லா வரவும் சரியாக இருந்தது. அவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தொண்ணூற்றொன்றில் வந்து கோடு நின்றது. சிவப்பில் ஏதோ எழுதியது. மணி நாலு பத்து.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். சொல்கிறவர்கள் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திவாகரன் ஒவ்வொரு ஃபோனாகத் துரத்திவிட்டு மறுபடி தொடங்கினான். கோடு நன்றாகத்தான் ஓடியது. ஆறு மணித்தியாலம் என்று காட்டியது. இருந்தது ஐம்பது நிமிஷம். அது ஓடி என்ன, படுத்து என்ன? மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து மணிக்குக் கோடு அறுந்தது. திவாகரன் களஞ்சியத்தைத் திறந்தான். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு வரி.

"என்ன போட்டிருக்கு மகன்?"

"ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கும்மா" என்றான் அவன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வயரைச் சுருட்டப் போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அபீபா ஒரு கிண்ணம் இனிப்பு வட்டலப்பத்தோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மகனுக்குச் சுகம் ராத்தா! முழு அரை மணித்தியாலமும் பேசினான். குரல் கணீர் என்டு இரிக்கி. உங்களுக்குத்தான் அல்லாஹ்ட்ட துஆ கேட்டேன்."

கைறுன்னிஸாவுக்கு என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. இரண்டு வருஷம் பூட்டி வைத்த வாய் அது.

"கேட்டியா? நல்லா கேட்டியா? நீ உன்ட மகன்ட சத்தத்தக் கேட்ட, நான் என்ட மகன்ட சத்தத்த இழந்துட்டேன்! இந்தத் தெரு முழுக்க ரெண்டு வருஷமா அனுபவிக்கிறீங்களே, அது யார்ட பேரால? என்ட றினோஸ்ட பேரால நான் தந்த தர்மம் அது! என்ட புள்ளைட பேரால!"

சொல் வாயை விட்டு வெளியே போன அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய? சொல்லிக் காட்டியாகிவிட்டது. குரல் ஐந்து மணிக்குப் போனது, நன்மை ஐந்தரைக்குப் போனது. பிள்ளைக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்தது இந்த இரண்டும்தான்.

ஜெஸ்லா கதவைப் பிடித்துக்கொண்டு உம்மாவையே பார்த்தாள். அவளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. அபீபா எதுவும் விளங்காமல் திவாகரனைப் பார்த்தாள். அவன் தாழ்ந்த குரலில், காலையிலிருந்து நடந்ததைச் சொன்னான். கேட்டு முடித்ததும் அபீபா அழுதாள்.

"ஏன் ராத்தா சொல்லல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தத் தெருவே ஆறு மணித்தியாலம் பொறுத்திருக்குமே. நான் நாளைக்குப் பேசியிருப்பேனே."

அபீபா கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திவாகரன் போகும்போது, காசு பேச்சை எடுக்காதீங்க என்று ஜெஸ்லாவிடம் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

"பாஸ்வேர்ட என்ன செய்ய உம்மா?" என்று கேட்டாள் ஜெஸ்லா.

"பழையதயே போடு. இனி யாருக்கு மாத்தி வச்சி என்ன" என்றாள் கைறுன்னிஸா.

அவள் கம்ப்யூட்டரின் முன்னால் திரும்பவும் போய் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் பஹ்மிதாவின் மகள் ஃபோனில் பாடம் கேட்கிற சத்தம் சுவர் தாண்டி வந்தது. கைறுன்னிஸா கண்ணை மூடிக்கொண்டு, "உம்மா, எனக்கு உங்கட காதுதான் தெரியுது" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னாள். எத்தனை தடவை சொன்னாலும் அது அவளுடைய குரலிலேயே வந்தது.